பத்துக் கோடியில் ஒன்று: குருதியில் ஓமோனை அளத்தல்



காலையில் வெறுவயிற்றோடு இருக்கும் ஒரு சுகதேகியின் குருதியில் குளுக்கோசு லீற்றருக்கு ஏறத்தாழ 5 மில்லிமோல் இருக்கும். அதே குருதியில் இன்சுலின் ஏறத்தாழ 50 பிக்கோமோல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்துக் கோடி குளுக்கோசு மூலக்கூறுகளுக்கு நடுவில் ஒரேயோர் இன்சுலின் மூலக்கூறு. குளுக்கோசை அளக்க இன்று ஒரு துளி குருதியும் ஒரு பட்டியும் போதும். அம்மம்மாமார் வீட்டு விறாந்தையில் இருந்தபடியே அளக்கிறார்கள். அந்த ஒற்றை மூலக்கூறைக் கண்டுபிடித்து எண்ணுவது வேறு சங்கதி. குருதியில் அல்புமினும் மற்றப் புரதங்களும் கோடிக்கணக்கில் கூட்டமாக நிற்கும்போது, அவற்றில் எதையும் தொடாமல் இன்சுலினை மட்டும் பொறுக்கியெடுக்க வேண்டும்.

இப்போது யாழ்ப்பாணத்திலும் இன்சுலின், சி-பெப்தைட்டு, பரதைரொயிட் ஓமோன் என்று எழுதிய துண்டுகள் ஆய்வுகூட யன்னலுக்கு வருகின்றன. குருதி எடுக்கப்படுகிறது, பெரும்பாலும் தெற்கே போகிறது, சில நாளில் ஓர் எண் திரும்பி வருகிறது. அந்த எண்ணை நம்பி ஒருவருக்கு ஆயுள் முழுக்க ஊசி எழுதுகிறோம். இன்னொருவருக்கு ஊசியை நிறுத்துகிறோம். ஓர் ஓமோன் அளவீடு நம்பத்தக்கதா என்பதை இயந்திரத்தின் விலையை வைத்துச் சொல்லமுடியாது. அந்த அளவீட்டை எந்த வெக்கையில், எந்த ரியூப்பில், எந்த ஊர்ச் சனத்தின் குருதியில் சோதித்துப் பார்த்தோம் என்பதை வைத்தே சொல்லலாம். பரிசோதனைக் கிற்றோடு வரும் தாளில் இருப்பது அதைச் செய்த கம்பனியின் ஆய்வுகூடத்தில் கிடைத்த விடை. எங்கள் விடையை நாங்கள்தான் தேடவேண்டும். இதைச் சொல்லத்தான் வந்தேன். மற்றதெல்லாம் இதற்கான சாட்சிகள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1957 மே மாதம், இங்கிலாந்தின் பிராட்பேட் நகரில் கெனத் பார்லோ என்ற ஆண் தாதியின் மனைவி குளியல் தொட்டியில் இறந்து கிடந்தார். மூழ்கி இறந்தார் என்றார் கணவர். பிட்டத்தில் ஊசி குத்திய அடையாளங்கள் தெரிந்தன. இன்சுலினாக இருக்கலாம் என்று சந்தேகம். ஆனால் அன்றைக்கு இன்சுலினைக் கண்டுபிடிக்க இரசாயனப் பரிசோதனை எதுவும் கிடையாது. அந்த இடத்துத் தசையைச் சாறாக்கி எலிகளுக்கு ஏற்றினார்கள். இன்சுலின் ஏற்றிய எலிகள் போலவே அவையும் நடுங்கி மயங்கின. எலிகள் பட்ட பாட்டை வைத்து, அந்தத் தசையில் 84 அலகு இன்சுலின் மிஞ்சியிருந்ததாகக் கணித்தார்கள். பார்லோ தண்டிக்கப்பட்டார்.

அது உயிரியல் அளவீடு. ஓமோன் செய்யும் வேலையை வைத்து ஓமோனை அளப்பது. கொலை வழக்குக்கு அது போதும், ஏனெனில் அங்கே இருந்தது மருந்தளவு. ஒரு சாதாரண மனிதரின் ஒரு மில்லிலீற்றர் குருதியில் இருக்கும் இன்சுலினுக்கு எந்த எலியும் அசையாது. அதோடு, நேற்று நடுங்கிய எலி இன்றைக்கு அதே அளவுக்கு நடுங்கும் என்று யாரும் உறுதி சொல்லமுடியாது.

அந்தக் காலத்தில் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், போர்வீரர்களுக்கான வைத்தியசாலை ஒன்றில் றோசலின் யலோ என்ற பௌதிகவியலாளரும் சொலமன் பேர்சன் என்ற வைத்தியரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். யலோ தன் ஆய்வுகூடத்தைத் தொடங்கிய இடம், துப்புரவுச் சாமான்கள் வைத்திருந்த ஒரு சின்ன அறை. கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீனை இன்சுலினில் ஒட்டி, அதை நோயாளரின் நாளத்தில் ஏற்றி, எவ்வளவு நேரம் குருதியில் நிற்கிறது என்று பார்த்தார்கள். முன்னர் இன்சுலின் ஊசி போட்டுவந்தவர்களில் அது நெடுநேரம் நின்றது. காரணம், மாட்டு இன்சுலினுக்கும் பன்றி இன்சுலினுக்கும் எதிராக அவர்களுடைய உடல் பிறபொருளெதிரிகளைச் செய்துவைத்திருந்தது. இன்சுலின் போன்ற சின்னப் புரதத்துக்கு எதிராகப் பிறபொருளெதிரி வராது என்பது அன்றைய பெரியவர்களின் முடிந்த முடிவு. கட்டுரையைச் சஞ்சிகைகள் திருப்பியனுப்பின. 1956 இல் தலைப்பை மாற்றிக்கொண்ட பிறகே அச்சேறியது. 21 ஆண்டுகள் கழித்து நோபல் பரிசு பெற்றபோது, அந்த நிராகரிப்புக் கடிதத்தையும் தன் உரையோடு சேர்த்து யலோ அச்சிட்டார். வைராக்கியம் என்றால் அதுதான்.

நோயாளருக்குத் தொல்லையான அந்தப் பிறபொருளெதிரியை இருவரும் அளவுகோலாக்கினார்கள். முறை எளிது. பருத்தித்துறை பஸ்ஸில் இருக்கைகள் ஓர் எண்ணிக்கைக்குமேல் இல்லை. சிவப்புச் சட்டை போட்ட பத்துப் பேரை நாங்களே ஏற்றிவிடுகிறோம். நிலையத்தில் காத்திருந்த மற்றச் சனமும் ஏறுகிறது. எல்லோரும் ஒரே இருக்கைகளுக்கு முண்டியடிக்கிறார்கள். புறப்படும் நேரம் இருக்கையில் இருக்கும் சிவப்புச் சட்டைகளை மட்டும் எண்ணினால், வெளியில் எவ்வளவு சனம் நின்றது என்று கணக்கிடலாம். சிவப்பு குறையக் குறையச் சனம் அதிகம். இருக்கை பிறபொருளெதிரி, சிவப்புச் சட்டை அயடீன் ஒட்டிய இன்சுலின், சனம் நோயாளரின் குருதியில் இருக்கும் இன்சுலின். மாட்டு இன்சுலினை ஏற்றிய கினிப்பன்றிகளின் சீரம் மனித இன்சுலினையும் நன்றாகப் பிடித்தது அவர்களின் அதிர்ஷ்டம். 1960 இல் மனிதக் குருதியில் இன்சுலின் அளவுகள் முழுமையான கட்டுரையாக வெளிவந்தன. முறைக்குக் காப்புரிமை எடுக்க இருவரும் மறுத்துவிட்டார்கள். பேர்சன் 1972 இல் காலமானார். ஆகவே 1977 இன் நோபல் பரிசில் இருவரில் யலோவுக்கு மட்டுமே பங்கு கிடைத்தது.

இந்த முறை எங்கள் நாடுகளுக்கு வந்தபோது அயடீன்-125 பாவனைக்கு வந்திருந்தது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 60 நாள். அதாவது கிற் செய்யப்பட்ட நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்; துறைமுகத்தில் ஒரு மாதம் கிடந்தால் கால்வாசிக்குமேல் போய்விடும். யுத்தத்தின்போது, 1990 இலிருந்து, குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை, பாதை இருக்கவில்லை, பற்றரி கூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. போதனா வைத்தியசாலை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் பாதுகாப்பு வலயமாக இருந்துதான் இயங்கியது. இன்சுலின் குப்பியை ஈரமணல் போட்ட மண்பானைக்குள் வைத்துக் காத்த வீடுகளை இந்த மண்டபத்தில் இருக்கும் பலர் அறிவார்கள். ஊசி கிடைத்ததே பெரிய காரியமாக இருந்த காலத்தில் இன்சுலினை அளப்பதைப் பற்றி யார் நினைத்தார்கள்?

கதிரியக்கத்தின் இடத்தை நொதியம் பிடித்தது பெரிய விடுதலை. 1971 இல் ஸ்ரொக்ஹோமில் ஏங்வால், பேர்ல்மன் இருவரும், அதே காலத்தில் நெதர்லாந்தில் இன்னொரு குழுவும், அயடீனுக்குப் பதிலாக நொதியத்தை ஒட்டினார்கள். நிறம் வரும், நிறத்தை அளந்தால் போதும். 1975 இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்ரைனும் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவுக்கு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டார்கள். பிறகு ஓமோனின் ஒரு பக்கத்தை ஒரு பிறபொருளெதிரியும் மறுபக்கத்தை இன்னொன்றும் பிடிக்கும் சான்ட்விச் முறை பரவியது. இன்றைக்கு நாங்கள் வாங்கும் கிற்றுகள் அநேகமாக இந்தச் சாதிதான்.

இனித்தான் சிக்கல். பிறபொருளெதிரிக்கு இன்சுலின் என்றால் என்னவென்று தெரியாது. ஒரு மூலக்கூறின் மேற்பரப்பில் ஒரு சின்ன மூலையைத்தான் அது அறியும். அந்த மூலை வேறொரு மூலக்கூறில் இருந்தாலும் பிடித்துக்கொள்ளும்.

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்டது. 21 ஒரு சங்கிலியில், 30 மற்றதில். சதையியில் அது முதலில் புரோஇன்சுலின் என்ற ஒரே நீளச் சங்கிலியாகப் பிறக்கிறது என்று 1967 இல் சிக்காகோவில் டொனால்ட் ஸ்ரைனர் காட்டினார். நடுவில் உள்ள துண்டு வெட்டப்பட்டு விழும்போதுதான் இன்சுலின் வருகிறது. சலரோகக்காரரின் களைத்த கலங்கள் வெட்டி முடிக்காத புரோஇன்சுலினையும் கூடுதலாக வெளியே விடும். பழைய அளவீடுகள் அதையும் இன்சுலின் என்றே எண்ணின. இன்றைய சான்ட்விச் கிற்றுகள் பெரும்பாலும் அதை ஒதுக்குகின்றன. ஆனால் புதிய கோளாறு ஒன்று வந்திருக்கிறது. நோயாளர் போட்டுக்கொள்ளும் ஊசியில் இருப்பது கிளார்ஜின், லிஸ்புரோ போன்ற மாற்றியமைத்த இன்சுலின். சில கிற்றுகள் அவற்றை முழுக்கப் பிடிக்கும், சில அரைகுறையாக, சில அறவே காணா. குருதிக் குளுக்கோசு வீழ்ந்து மயக்கத்தில் வந்த ஒருவரின் றிப்போட்டில் ‘இன்சுலின் குறைவு’ என்று இருந்தால், உண்மையாகவே குறைவா, அல்லது எங்கள் கிற்றுக்கு அந்த இன்சுலினைக் காணக் கண்ணில்லையா? கிற்றின் பெயர் தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

பரதைரொயிட் ஓமோனின் கதை இன்னும் மோசம். அது 84 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. முழுச் சங்கிலியை மட்டும் அளப்பதாகச் சொல்லி விற்ற கிற்றுகள், தலைப்பக்கம் ஆறு அமினோ அமிலங்கள் போய்விட்ட துண்டையும் சேர்த்தே அளந்தன என்று 1990களின் பிற்பகுதியில் தெரியவந்தது. சிறுநீரகம் பழுதானவர்களில் அந்தத் துண்டு தேங்கிக் கிடக்கும். டயலிசிஸ் செய்பவரின் எலும்பு நோய்க்கு மருந்து கூட்டுவதா குறைப்பதா என்று தீர்மானிக்கும் எண், முழு ஓமோனின் எண்ணாக இல்லை.

எல்லோரும் ஒரே நியமத்தைப் பாவித்தால் எண்கள் ஒத்துப்போகும் என்று நினைக்கத் தோன்றும். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் செயற்குழு ஒன்று, சந்தையிலிருந்த இன்சுலின் அளவீடுகளை ஒரே மாதிரிகளில் ஒப்பிட்டு 2007 இல் அறிக்கை தந்தது. விடைகள் ஒன்றுக்கொன்று தூரத்தில் நின்றன. தூய இன்சுலினை எல்லோருக்கும் பொது நியமமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் கிட்ட வரவில்லை. ஒவ்வொரு கிற்றின் பிறபொருளெதிரியும் சீரத்துக்குள் வேறுவேறு பொருளைக் காண்கிறது, பிறகு எப்படி வரும்?

இது போதாதென்று கூட்டல் பெருக்கலிலும் குழப்பம். சில ஆய்வுகூடங்கள் இன்சுலினை மில்லி அலகில் தருகின்றன, சில பிக்கோமோலில். ஒன்றை மற்றதாக்க 6.0 ஆல் பெருக்கவேண்டும். பழைய, அவ்வளவு தூயதல்லாத நியமத்திலிருந்து வந்த 6.945 என்ற எண் இன்னும் பல நூல்களிலும் இணையக் கணிப்பான்களிலும் உலவுகிறது. இந்த ஒரு பெருக்கலிலேயே 16 வீத வித்தியாசம் வந்துவிடும், அதுவும் ஒரு துளி குருதியைத் தொடாமல்.

இவ்வளவும் சொன்னது இன்சுலினை அளக்காதீர்கள் என்று சொல்லத்தான் என்றால், பாதி உண்மை. எடை குறைப்பதற்கென்றும், களைப்புக்கென்றும், முகத்தில் கறுப்புப் படர்ந்ததற்கென்றும் வெறுவயிற்று இன்சுலின் எழுதும் வழக்கம் இப்போது பரவுகிறது. வெளிநாட்டு உறவினர் வீடியோ பார்த்துவிட்டுச் சொல்லி, தாங்களாகவே காசு கட்டிச் செய்பவர்களும் உண்டு. இன்சுலினின் அரைவாழ்வு ஐந்து நிமிடமளவில்தான். சதையியிலிருந்து வந்ததில் ஏறத்தாழப் பாதியை, முதல் தடவை கடக்கும்போதே ஈரல் எடுத்துவிடுகிறது. குருதி எடுக்கும்போது செங்குழியங்கள் உடைந்தால், அவற்றிலிருந்து வெளிப்படும் நொதியம் ரியூப்புக்குள் இருக்கும் இன்சுலினைத் தின்னும். மெல்லிய ஊசியால் இழுத்து, வெயிலில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோன சிவந்த சீரத்தில் இன்சுலின் குறைவாக வந்தால், அது நோயாளரின் உடலைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. எடையும் இடுப்பளவும் பார்த்தாலே தெரிகிற விசயத்துக்கு இவ்வளவு ஆட்டங்காணும் பரிசோதனை தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். என்னோடு சண்டை பிடிக்கும் சக வைத்தியர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்; தேநீர் நேரத்தில் பிடிக்கட்டும்.

நான் கேட்பது சி-பெப்தைட்டு. புரோஇன்சுலினிலிருந்து வெட்டுப்பட்டு விழும் அந்த நடுத் துண்டு. 31 அமினோ அமிலங்கள். ஓர் இன்சுலின் மூலக்கூறு வெளியேறும்போது ஒரு சி-பெப்தைட்டும் கூடவே வெளியேறும். ஈரல் அதைத் தொடாது, அரைவாழ்வு அரைமணித்தியாலமளவில். செங்குழியம் உடைந்தாலும் இன்சுலின் போல அழியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசி மருந்தில் அது இல்லை. ஆகவே ஊசி போடுபவரில்கூட அவருடைய சொந்தச் சதையி எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும்.

இதன் பெறுமதியை எங்களுக்குப் பக்கத்தில் காட்டியது சென்னை. வெப்பவலய நாடுகளில் சதையிக்குள் கல் விழுந்து சலரோகம் வரும் ஒரு நோயுண்டு. கேரளத்தில் கீவர்கீஸ் அதை விரிவாக எழுதியவர். மெலிந்த இளம் நோயாளர், மிக உயர்ந்த குளுக்கோசு, ஆனாலும் ஊசி இல்லாமல் இருந்தாலும் கீற்றோன் ஏறி மயங்குவது அரிது. ஏன்? சென்னையில் மோகன், சினேகலதா, இராமச்சந்திரன், விசுவநாதன் குழுவினர் 1983 இல் இவர்களின் சி-பெப்தைட்டை அளந்து வெளியிட்டார்கள். சுகதேகிகளைவிடக் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. கீற்றோனைத் தடுக்க அந்த மிச்சம் போதும். மேசையில் இருந்து ஊகித்தது, கதிரியக்க அளவீட்டில் எண்ணாக வந்து நின்றது. மரவள்ளிக் கிழங்கின் சயனைட்டுத்தான் கல்லுக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். மரவள்ளி தின்னாத இடங்களிலும் நோய் இருந்தது. பிறகு பார்வை மரபணுப் பக்கம் திரும்பியது. எங்கள் மரவள்ளிக்கு இந்த வழக்கில் விடுதலை என்றே நினைக்கிறேன்.

அதே மோகன் இலண்டனில் செய்து 1986 இல் வெளியிட்ட ஆய்வு, குளுக்கோசு குடித்தபின் இந்தியரின் இன்சுலின் ஐரோப்பியரைவிட உயர்வாகப் போவதைக் காட்டியது. ஐரோப்பியரில் எடுத்த சாதாரண எல்லையை எங்கள் சனத்துக்கு அப்படியே போடமுடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இலங்கையில் வளர்ந்தோரில் 10.3 வீதத்தினருக்குச் சலரோகம் என்று எல்லோரும் எடுத்துச் சொல்லும் கணக்கு 2005-06 இல் எடுத்த ஆய்விலிருந்து வந்தது. அந்த ஆய்வு 7 மாகாணங்களில் நடந்தது. விடுபட்ட இரண்டு வடக்கும் கிழக்கும். யுத்தம், காரணம் விளங்குகிறது. ஆனால் எங்கள் எண்களை வேறு யாராவது எடுத்துத் தருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கு இப்போது காரணம் இல்லை.

சரி, இங்கே ஒரு சி-பெப்தைட்டு அளவீட்டை நிறுவ என்ன செய்யவேண்டும்?

வெப்பத்திலிருந்து தொடங்குவோம். கிற்றின் தாளில் ‘அறை வெப்பநிலையில் ஒரு மணித்தியாலம் வைக்கவும்’ என்று இருக்கும். அந்தத் தாள் எழுதியவரின் அறை 20 முதல் 25 பாகை. சித்திரை மாதத்தில் குளிரூட்டி நின்றுபோன எங்கள் அறை 32. 96 குழிகள் கொண்ட தட்டை 4 பாகைக் குளிரிலிருந்து எடுத்து அப்படியே மேசையில் வைத்தால், ஓரத்துக் குழிகள் முதலில் சூடேறும், நடுக் குழிகள் பின்தங்கும். பிணைப்பும் நொதியமும் ஓரத்தில் வேகமாக ஓடும். ஒரே நோயாளரின் சீரத்தை ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று ஊற்றிப் பாருங்கள். இரண்டு நிறம் வரும். பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இரட்டை ஊற்றும் வழக்கம் இந்தக் கோளாறை அழகாக மறைத்துவிடும். ஆகவே எல்லாத் திரவங்களையும் முன்கூட்டியே வெளியில் எடுத்து ஆறவிடவேண்டும், தட்டை மூடவேண்டும், நிலையான வெப்பத்தில் அடைகாக்கும் பெட்டிக்குள் வைக்கவேண்டும், இரட்டைகளைத் தூரத் தூர ஊற்றவேண்டும். இது எதற்கும் பெரிய காசு தேவையில்லை.

மாதிரிகளைச் சேமிக்கும் உறைபெட்டி பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப் பாவனைக்கு விற்கும் தானாகப் பனி கரைக்கும் பெட்டிகள் வேண்டாம். பனி கரைப்பதற்காக அவை தாங்களே சூடாகிக் குளிரும். உள்ளே இருக்கும் சீரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இளகி உறையும். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது ஞாபகம் இருக்கும். ஆகக்கூடிய, ஆகக்குறைந்த வெப்பநிலையைப் பதியும் ஒரு வெப்பமானி பெட்டிக்குள் இருக்கவேண்டும். அதைக் காலையில் ஒருவர் வாசித்து எழுதவேண்டும்.

அடுத்தது ரியூப். இங்கிலாந்தின் எக்ஸெற்றரில் மக்டொனால்ட் குழுவினர் 2012 இல் ஓர் உபயோகமான விசயத்தைக் காட்டினார்கள்: ஈடிடிஏ உள்ள ஊதா மூடி ரியூப்பில் எடுத்த குருதியில், பிரிக்காமலே வைத்தாலும், சி-பெப்தைட்டு அறை வெப்பநிலையில் 24 மணித்தியாலத்துக்குக் குறையாமல் இருக்கிறது. ஐஸ் வேண்டாம், உடனே சுழற்ற வேண்டாம். சாப்பிட்டபின் எடுத்த குருதியே போதும், கூடவே குளுக்கோசும் அளந்தால் சரி என்பதும் அவர்களின் அனுபவம். நெடுந்தீவிலிருந்து வரும் ஒருவரை வெறுவயிற்றோடு படகில் ஏற்றத் தேவையில்லை. குருதியை அங்கேயே எடுத்துக் குறிகட்டுவான் வழியாக அனுப்பலாம். ஆனால் எக்ஸெற்றரின் அறை வெப்பநிலை நெடுந்தீவின் படகு வெப்பநிலை அல்ல. ஆகவே நாங்கள் செய்யவேண்டிய சோதனை கண்முன்னால் இருக்கிறது. விருப்பத்தோடு தருபவர்களின் குருதியை ஒரே நேரத்தில் பல ஊதா ரியூப்புகளில் எடுத்து, 4, 25, 35 பாகைகளில் வைத்து, தொடக்கத்திலும் 6, 12, 24 மணித்தியாலங்களிலும் பிரித்து அளப்பது. இறுதியாண்டு மாணவர் ஒருவர் செய்யக்கூடிய ஆய்வு. சிறுநீரில் போரிக் அமிலம் இட்டு, கிரியற்றினினோடு விகிதமாக அளக்கும் முறையும் உண்டு. அது அறை வெப்பத்தில் மூன்று நாள் தாங்கும் என்று அதே குழு காட்டியிருக்கிறது. ஊசிக்குப் பயந்த பிள்ளைகளுக்கு அது நல்ல வழி.

இனி அளவீட்டின் நாணயத்தைச் சோதிப்பது. பல சோதனைகள் உண்டு. எனக்கு ஆகப் பிடித்தது ஐதாக்கல். அதிக சி-பெப்தைட்டு உள்ள ஒரு சீரத்தை எடுத்து, பாதி, கால், அரைக்கால், மாகாணி என்று ஐதாக்கி அளந்து, ஐதாக்கிய மடங்கால் பெருக்கவேண்டும். உதாரணத்துக்கு, முதலில் 1600 பிக்கோமோல் என்றால், பெருக்கியபின் 1580, 1640, 1610, 1590 என்று ஒரே இடத்தில் சுற்றவேண்டும். 1600, 1900, 2400, 3100 என்று ஏறிக்கொண்டு போனால், சீரத்தில் ஏதோ ஒன்று அளவீட்டை மறிக்கிறது, ஐதாக்கும்போது அது விலகுகிறது. அல்லது பிறபொருளெதிரி பிடிப்பது நாங்கள் நினைக்கும் பொருளை அல்ல. அரைநாள் வேலை, கிற் பெட்டியை வாங்கிய எத்தனை ஆய்வுகூடங்கள் செய்கின்றன?

சான்ட்விச் முறைக்கே உரிய இன்னொரு பொறி இருக்கிறது. ஓமோன் அளவுக்குமீறி இருந்தால் இரண்டு பிறபொருளெதிரிகளையும் தனித்தனியே நிரப்பிவிடும், சோடி சேராது, விடை குறைவாகத் தெரியும். முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் சிறுநீர்ப் பட்டி சிலவேளை ‘கர்ப்பமில்லை’ என்று காட்டுவதும் இதனால்தான். ஐதாக்கினால் எண் கூடும், களவு பிடிபடும்.

பயோட்டினையும் சொல்லாமல் விடமுடியாது. முடி கொட்டுகிறது என்று பாமசிகளில் வாங்கும் மாத்திரையில் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். உடலுக்கு நாளாந்தம் வேண்டியது 30 மைக்கிரோகிராம் அளவில். பல தன்னியக்க இயந்திரங்கள் பயோட்டின் பிணைப்பை வைத்தே ஓமோனைப் பிடிக்கின்றன. சான்ட்விச் அளவீட்டில் விடை பொய்யாகக் குறையும், போட்டி அளவீட்டில் பொய்யாகக் கூடும். தைரொயிட்டில் இரண்டும் ஒன்றாக நடந்தால், கிரேவ்ஸ் நோய் என்றே தோன்றும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017 இல் எச்சரித்தது. எங்கள் வேண்டுகோள் படிவத்தில் இதற்கு ஒரு பெட்டி போட ஒரு சதமும் செலவில்லை.

சி-பெப்தைட்டை வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் பழுதானவரில் அது தேங்கி உயரும். கிரியற்றினின் இல்லாத சி-பெப்தைட்டு றிப்போட்டை வாசிக்கக் கூடாது. அதைச் சரிபார்த்த பிறகு, எல்லைகள் ஓரளவு தெளிவு: சாப்பிட்டபின் 200 பிக்கோமோலுக்குக் கீழே என்றால் சதையி கைவிட்டுவிட்டது, ஊசியை நிறுத்தக்கூடாது. 600 இற்கு மேலே என்றால், நீண்டகாலம் ஊசி போட்டவரில்கூட, இது முதலாம் வகைதானா என்று திரும்ப யோசிக்கவேண்டும். இடையில் உள்ளவர்களை மீண்டும் பார்க்கவேண்டும். இந்த எல்லைகள் பிறரின் சனத்தில் எடுத்தவை. எங்கள் சுகதேகிகளுக்கான வீச்சைத் தீர்மானிக்கக் குறைந்தது 120 பேர் வேண்டும் என்பது ஆய்வுகூட உலகில் ஏற்ற எண்ணிக்கை. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் எல்லாவற்றிலிருந்தும், ஆண் பெண் சமமாக.

‘கொழும்பு இருக்கும்போது ஏன் இந்தப் பாடு?’ என்று ஒருவர் கேட்பார். கேட்கவேண்டிய கேள்விதான். மாதத்தில் சில மாதிரிகள் மட்டும் வரும் பரிசோதனையை இங்கே தொடங்குவது வீண்; கிற் காலாவதியாகும், கை பழகாது. ஆனால் சி-பெப்தைட்டை உறையவைத்துச் சேர்த்து, ஒரே தட்டில் ஒன்றாக ஓடவிடலாம். அவசரப் பரிசோதனை அல்லவே. ஒவ்வொரு தட்டிலும் குறைந்த, உயர்ந்த அளவுக் கட்டுப்பாட்டு மாதிரிகள் இரண்டு. அவற்றின் எண்கள் நாளுக்கு நாள் சுவரில் வரைபடமாக ஏறவேண்டும். ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கினால் அன்றைய றிப்போட் நிற்கவேண்டும். நிறுத்தும் அதிகாரம் தட்டை ஓடவிடும் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளரிடம் இருக்கவேண்டும், என்னைப் போன்றவரிடம் அல்ல. கொழும்பிலும் சென்னையிலும் இதே ஓமோனை அளக்கும் ஆய்வுகூடங்களோடு மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ளலாம். 2022 இன் தட்டுப்பாட்டில் கிடைத்த கிற்றைக் கிடைத்த இடத்தில் வாங்கியவர்களுக்கு, தொகுதி மாறும்போது எண் எப்படித் தாவும் என்று தெரியும். பழைய தொகுதியில் அளந்த நோயாளர் சீரம் இருபதை உறையவைத்திருந்து புதிய தொகுதியில் மீண்டும் ஓடவிட்ட பிறகே அதைப் பாவனைக்கு எடுக்கவேண்டும். றிப்போட்டில் எண்ணோடு அலகும் கிற்றின் பெயரும் அச்சாகவேண்டும்.

முதல் ஆறு மாதத்துக்கு ஒரு றிப்போட்டும் வெளியே போகாது. ஐதாக்கல், மீட்பு (தெரிந்த அளவைச் சேர்த்துத் திரும்ப அளந்து பார்ப்பது), நாளுக்கு நாள் மாறுபாடு, வெப்பச் சோதனை, பரிமாற்றம் எல்லாம் அந்தக் காலத்துக்குள் முடியவேண்டும். அதன்பிறகு யாழ்ப்பாணம், பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை கிளினிக்குகளில் 30 வயதுக்கு முன் நோய் கண்டு ஊசியில் இருப்பவர்களோடு தொடங்கலாம். நெடுந்தீவு மாதிரிகளை 35 பாகை ரியூப்பின் முடிவு கைக்கு வந்த பிறகு எடுப்போம்.